ரிசர்வ் படைக்கு அழைப்பு வந்தால் வேலை என்ன ஆகும்?

ஒரு கிடங்கு. பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஒரு நாள் காலையில் சூப்பர்வைசரிடம் வந்து ஒரு தாளை நீட்டுகிறார். மூன்று வாரத்தில் ராணுவப் பணிக்கு வந்து சேர வேண்டும், எட்டு மாதம் வரை ஆகலாம் என்று அதில் போட்டிருக்கிறது. அவர் லீவு கேட்கவில்லை; போகிறேன் என்று தகவல் சொல்கிறார். சூப்பர்வைசரின் மனதில் அந்த நிமிடம் நாட்டுப்பற்று எல்லாம் ஓடாது. அடுத்த மாத ஷிஃப்டுக்கு ஆள் எங்கே என்பதுதான் ஓடும். அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

ரிசர்வ் பணிக்குப் போகும் ஊழியருக்கு நிறுவனம் எப்படித் துணை நிற்பது என்ற பேச்சு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். திரும்பி வரும்போது வேலை இருக்குமா? இல்லாத நாள்களுக்குச் சம்பளம் யார் தருவது? அவர் பார்த்த வேலையை அதுவரை யார் பார்ப்பது? முதல் கேள்விக்குப் பல நாடுகளில் சட்டமே பதில் சொல்லிவிடுகிறது. இரண்டாவதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். மூன்றாவதுக்குச் சட்டப் புத்தகத்தில் விடை கிடையாது. மனக்கசப்பு முளைப்பதும் அங்கேதான்.

யார் இந்த ரிசர்விஸ்ட்?

முழுநேரச் சிப்பாய்க்கு ராணுவம்தான் வேலை. ரிசர்விஸ்ட் அப்படி இல்லை. வருடத்தின் பெரும்பகுதி அவர் நர்ஸாக, பஸ் டிரைவராக, கணக்காளராக இருப்பார். குறிப்பிட்ட நாள்களில் சீருடை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவார். போரோ பேரிடரோ வந்தால் அரசு கூப்பிடும். அப்போது மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும். அமெரிக்காவில் நேஷனல் கார்டிலும் ரிசர்வ் படைகளிலும் இருப்பவர்களுக்கு ‘மாதம் ஒரு வார இறுதி, வருடம் இரண்டு வாரம்’ என்பது பழைய கணக்கு. 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களில் அந்தக் கணக்கு காற்றில் பறந்தது வேறு விஷயம்.

ரிசர்வ் படை திரளும் விதம் இரண்டு. அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளில் விருப்பப்பட்டவர்கள் சேர்கிறார்கள். சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, பின்லாந்து, இஸ்ரேல் போன்ற நாடுகளில் கட்டாய ராணுவப் பணி முடித்தவர்கள் தானாகவே ரிசர்வில் வந்துவிடுகிறார்கள். இந்த வேறுபாடு அலுவலகத்தில் பளிச்சென்று தெரியும். சிங்கப்பூரில் இளைஞர்கள் இரண்டு வருடம் முழுநேர தேசிய சேவை செய்கிறார்கள். அப்புறம் பல வருடங்களுக்கு, ஆண்டுக்கு 40 நாள் வரை முகாம் பயிற்சிக்கு அழைக்கப்படலாம். அங்கே ஒவ்வொரு பிரிவிலும் இப்படி ஓரிருவர் இருப்பார்கள், மேலாளரே போய்வந்தவராக இருப்பார். ‘அவனுக்கு ரிசர்விஸ்ட்’ என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. விருப்பப்பட்டுச் சேரும் நாடுகளில் நிலைமை வேறு. நூறு பேர் இருக்கும் அலுவலகத்தில் ரிசர்விஸ்ட் ஒருவர் இருந்தால் அதிகம். ‘நீயாகத்தானே போய்ச் சேர்ந்தாய்?’ என்ற கேள்வி, யாரும் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், காற்றில் இருக்கும்.

இந்தியாவில் இதற்கு டெரிட்டோரியல் ஆர்மி என்று பெயர். பிராந்திய ராணுவம் என்றும் எழுதுகிறார்கள். சட்டம் வந்தது 1948-ல். 1949 அக்டோபர் 9 அன்று இந்தப் படையைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. பிழைப்புக்கு ஒரு வேலை வைத்திருப்பவர் பகுதிநேரமாக நாட்டுக்குப் பணி செய்வது என்பதே இதன் அடிப்படை. தோனிக்கு 2011-ல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கிடைத்ததும் இந்தப் படையில்தான். அவர் 2019-ல் காஷ்மீருக்குப் போய்த் தன் பட்டாலியனோடு இருந்துவிட்டு வந்தபோது, பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று யாரும் சட்டத்தைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு ஆலைத் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் வேண்டும். போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நிலைமைக்குக் குறையாத விதத்தில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியது வேலை கொடுத்தவரின் கடமை என்று இந்தியச் சட்டமும் சொல்கிறது.

நகரும் படிக்கட்டு

இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் நுணுக்கமாக எழுதப்பட்டது என்பதால் அதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். 1994-ல் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘யுசெரா’ என்பார்கள். இரண்டு பேர் வேலை செய்யும் கடைக்கும் இது பொருந்தும், இரண்டு லட்சம் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் பொருந்தும்.

ஊழியர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். வாயால் சொன்னாலும் செல்லும். அனுமதி வாங்கத் தேவையில்லை. ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கும் காலத்தில் மொத்தம் ஐந்து வருடம் வரை இப்படி ராணுவப் பணிக்குப் போய் வரலாம். வழக்கமான மாதப் பயிற்சியும் வருடப் பயிற்சியும் அந்த ஐந்து வருடக் கணக்கில் வராது, போர்க்காலக் கட்டாய அழைப்புகளும் வராது. ஒழுங்கீனம் போன்ற காரணங்களுக்காகப் படையிலிருந்து விலக்கப்பட்டிருக்கக் கூடாது. திரும்பியதும் உரிய காலத்துக்குள் வந்து நிற்க வேண்டும். நிபந்தனைகள் ஏறக்குறைய இவ்வளவுதான்.

எந்த வேலை திரும்பக் கிடைக்கும் என்பதில்தான் சுவாரசியம். பழைய நாற்காலியே கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அதைவிட ஒரு படி மேலே போகிறது. எஸ்கலேட்டரில் நின்றுகொண்டிருந்த ஒருவர் பாதியில் இறங்குகிறார் என்று வையுங்கள். படிக்கட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவர் திரும்பி வரும்போது இறங்கிய படியில் ஏற்றிவிடக் கூடாது. இறங்காமல் நின்றிருந்தால் இப்போது எந்த உயரத்தில் இருப்பாரோ அந்தப் படியில் ஏற்ற வேண்டும். இடையில் எல்லோருக்கும் இன்கிரிமெண்ட் வந்திருந்தால் அவருக்கும் உண்டு. பணிமூப்பில் எட்டு மாதமும் சேரும். பதவி உயர்வுக்கான தேர்வைத் தவறவிட்டிருந்தால் தனியாக எழுத வாய்ப்புத் தர வேண்டும்.

இந்த எஸ்கலேட்டர் உவமை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-ல் தந்த ஒரு தீர்ப்பில் வந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஒரு கப்பல்துறை வெல்டர் தொடுத்த வழக்கு அது. 1945-ல் ஒன்பது நாள்கள் அவருக்கு வேலை கொடுக்காமல், அவரைவிடப் பணிமூப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். போருக்குப் போனவன் என்பதால் எனக்குத்தானே முன்னுரிமை என்று கேட்டார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் இடம் உண்டு, அதற்கு மேல் ஒரு படி கூடுதலாக ஏற்றிவிட முடியாது என்று சொல்லிவிட்டது. ரிசர்விஸ்டுகளைக் காக்கும் விதி என்று எல்லோரும் சொல்லும் உவமை, அதைச் சொன்ன தீர்ப்பில் வழக்குப் போட்டவரைத் தோற்கடித்தது!

எஸ்கலேட்டர் கீழேயும் போகும் என்பதை மறக்கக் கூடாது. அவர் இல்லாதபோது அந்தப் பிரிவையே நிறுவனம் மூடியிருந்தால், இருந்திருந்தாலும் வேலை போயிருக்கும் என்றால், திரும்ப எடுக்கும் கடமை இல்லை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நிறுவனம்.

எவ்வளவு நாளில் திரும்ப வேண்டும்?

முப்பது நாள் வரையான பணி என்றால், வீடு வந்து சேர்ந்து எட்டு மணி நேர ஓய்வுக்குப் பிறகு வரும் அடுத்த முழு ஷிஃப்டுக்கு வந்துவிட வேண்டும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறார். பன்னிரண்டரைக்கு நைட் ஷிஃப்டுக்கு வா என்று கூப்பிட முடியாது. திங்கள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வரச் சொல்லலாம். 31 முதல் 180 நாள் வரை என்றால் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் மேல் என்றால் 90 நாள். அடிபட்டு, நோய்ப்பட்டு வந்தவருக்கு இந்தக் கெடு இரண்டு வருடம் வரை நீளும்.

வந்த பிறகும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 180 நாளுக்கு மேல் பணியில் இருந்தவரை, திரும்பச் சேர்ந்த ஒரு வருடத்துக்குத் தகுந்த காரணம் இல்லாமல் வேலையை விட்டு நீக்க முடியாது. 31 முதல் 180 நாள் வரை போயிருந்தால் இது ஆறு மாதம். சும்மா சேர்த்துக்கொண்டு அடுத்த வாரமே அனுப்பிவிடும் தந்திரம் செல்லாது என்று அர்த்தம்.

பிரிட்டனில் 1985-ன் சட்டம் இதே வேலையைச் செய்கிறது. அங்கே முதலாளிக்கும் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். இந்த ஆள் போனால் தொழிலே படுத்துவிடும் என்றால், அழைப்பைத் தள்ளிவைக்கும்படியோ விலக்கு தரும்படியோ ஏழு நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். சிறிய நிறுவனங்களுக்கு இது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சம்பளம் யார் தருவது?

பலர் தடுமாறும் இடம் இது. வேலை பத்திரம் என்றால் சம்பளமும் வரும் என்று அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் தனியார் நிறுவனம் அந்த நாள்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று யுசெரா சொல்லவில்லை. ‘லாஸ் ஆஃப் பே’தான். ஊழியர் விரும்பினால் தன் லீவைக் கழித்துக்கொள்ளலாம். கழித்துக்கொள் என்று நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது.

ராணுவம் ஒரு சம்பளம் தரும். அது கம்பெனிச் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தால் வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் அதற்காகக் காத்திருக்காது. ஆகவே சில நிறுவனங்கள் வித்தியாசத் தொகையை மட்டும் தங்கள் கையிலிருந்து தருகின்றன. கம்பெனியில் மாதம் 6,000 டாலர், ராணுவத்தில் 4,500 டாலர் என்றால், நிறுவனம் 1,500 டாலர் போடும். இப்படித் தரும் நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு ஒரு வரிச் சலுகை வைத்திருக்கிறது: ஒரு ஊழியருக்குத் தரும் வித்தியாசத்தில் 20,000 டாலர் வரைக்கும் 20 சதவீதம் வரியில் கழித்துக்கொள்ளலாம். அதாவது அதிகபட்சம் 4,000 டாலர். ரொம்பப் பெரிய தொகை இல்லை.

மருத்துவக் காப்பீடு இன்னொரு தலைவலி. முப்பது நாள் வரை ஊழியர் வழக்கமாகக் கட்டும் பங்கை மட்டும் கட்டினால் போதும், காப்பீடு ஓடும். அதற்கு மேல் போனால் 24 மாதம் வரை தொடரும் உரிமை உண்டு. ஆனால் முழுப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை அவரிடமே கேட்கலாம். ராணுவக் காப்பீடு கிடைப்பதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். திரும்பி வரும்போது காத்திருப்புக் காலம் இல்லாமல் கம்பெனி காப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ஓய்வூதியக் கணக்கிலும் அந்த மாதங்கள் இடைவெளியாகக் காட்டப்படக் கூடாது.

கட்டாயப் பணி உள்ள நாடுகள் பணத்தை வேறு மாதிரி பார்க்கின்றன. சிங்கப்பூரில் முகாமுக்குப் போன நாள்களில் இழந்த வருமானத்தைப் பாதுகாப்பு அமைச்சு ஈடுகட்டுகிறது. சுவிட்சர்லாந்தின் ஏற்பாடு இன்னும் தெளிவு. எல்லா ஊழியர்களின் சம்பளத்திலிருந்தும் ஒரு சிறு பங்கு, முதலாளி பாதி, ஊழியர் பாதி என்று ஒரு பொது நிதிக்குப் போகிறது. ராணுவப் பணியில் இருக்கும் நாள்களுக்கு அந்த நிதி, ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு, வருமானத்தில் 80 சதவீதத்தைத் தருகிறது. முதலாளி சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்திருந்தால் பணம் அவருக்கே போய்விடும். நான் பார்த்த ஏற்பாடுகளில் இதுதான் நேர்மையானது. படை எல்லோருக்கும் பொதுவானது என்றால் செலவும் பொதுவாக இருக்கட்டுமே. பத்து பேர் வைத்து நடத்தும் ஒருவர், தன்னிடம் தற்செயலாக ஒரு ரிசர்விஸ்ட் இருக்கிறார் என்பதற்காக மட்டும் முழுச் சுமையையும் ஏன் தூக்க வேண்டும்?

பிரிட்டன் பாதி வழியில் நிற்கிறது. அழைக்கப்பட்ட ஊழியரின் இடத்தில் மாற்று ஆள் வைக்க ஆகும் கூடுதல் செலவை, ஒரு வரம்புக்குள், முதலாளி அரசிடம் கேட்டு வாங்கலாம்.

பக்கத்து மேஜைக்காரரின் முணுமுணுப்பு

சரி, சட்டமும் பணமும் ஒழுங்காகிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அந்த எட்டு மாதம் ஃபோர்க்லிஃப்டை யார் ஓட்டுவது? மற்ற இருவர் கூடுதல் ஷிஃப்ட் பார்ப்பார்கள். முதல் மாதம் பெருமையாகப் பார்ப்பார்கள். மூன்றாவது மாதம் முணுமுணுப்பு தொடங்கும்.

இந்த முணுமுணுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் ஆஞ்சியோகிராபி டெக்னீஷியன் ஒருவர் வேலை பார்த்தார்; ராணுவ ரிசர்வில் இருந்தவர். அவருடைய நேர் மேலதிகாரிக்கு அந்தப் பயிற்சி நாள்கள் எரிச்சலாக இருந்தன. ‘உனக்காக எல்லோரும் கஷ்டப்படுகிறார்களே, அதற்குக் கைம்மாறு’ என்ற தொனியில் கூடுதல் ஷிஃப்ட் போட்டார். கடைசியில் வேறொரு காரணம் காட்டி எழுதிய புகாரை நம்பி, 2004-ல் ஹெச்.ஆர். அதிகாரி அந்த டெக்னீஷியனை நீக்கினார். ஹெச்.ஆர். அதிகாரிக்கு ராணுவத்தின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. ஆனாலும் 2011-ல் உச்ச நீதிமன்றம் டெக்னீஷியன் பக்கமே நின்றது: கையெழுத்துப் போட்டவரின் மனம் சுத்தமாக இருந்தாலும், வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று நினைத்த மேலதிகாரியின் காழ்ப்பு அந்த முடிவுக்குக் காரணமாக இருந்தால் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்றது.

ஹெச்.ஆர். கையேட்டில் அழகாகக் கொள்கை எழுதி வைப்பது ஒரு பக்கம். ஷிஃப்ட் அட்டவணை போடும் ஆளுக்கு அந்தக் கொள்கை தெரியுமா, அவருக்கு மாற்று ஆள் கொடுத்தார்களா என்பது வேறு பக்கம். மாற்று ஆள் கொடுக்காமல் அவரிடம் பெருந்தன்மையை மட்டும் எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தச் சிக்கலை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முன்பே உணர்ந்திருந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு 1973-ல் முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடமே, ரிசர்விஸ்டுகளின் முதலாளிகளோடு பேசுவதற்கென்று ஒரு தனி அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள், ஈ.எஸ்.ஜி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆள் தானாக முன்வந்து சேர வேண்டும் என்றால், அவருடைய முதலாளியும் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டுமே! அதன் தன்னார்வலர்கள் தகராறு வந்தால் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். பேச்சில் தீராதது தொழிலாளர் துறைக்கோ நீதிமன்றத்துக்கோ போகும். நல்ல மேலதிகாரிக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் உண்டு. அதற்கு யாரைப் பரிந்துரைப்பது என்பதை ரிசர்விஸ்டே முடிவு செய்கிறார். பிரிட்டனிலும் நிறுவனங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தர வரிசை வைத்திருக்கிறார்கள்.

ஒழுங்காகச் செய்யும் இடங்களில் அப்படி என்ன செய்கிறார்கள்? பெரிய ரகசியம் இல்லை. பயிற்சி நாள்களின் பட்டியல் கையில் வந்த உடனே ஊழியர் கொடுத்துவிடுகிறார். மேலாளர் அதை வருட அட்டவணையில் முதலிலேயே அடைத்துவிடுகிறார், கடைசி நேரத்தில் தேடுவதில்லை. முக்கியமான எந்த வேலையும் ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்ததாக இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். (பிரசவ லீவுக்கும் இதுதான் மருந்து, திடீரென்று ஒருவர் வேலையை விட்டுப் போவதற்கும் இதுதான்.) போவதற்கு முன் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுப்பை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். போன பிறகு வீட்டுக்கு அவ்வப்போது ஒரு போன். காப்பீட்டுச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் அதுவே பாதி நிம்மதி.

திரும்பி வரும் நாள்

எட்டு மாதம் கழித்து அந்த டிரைவர் வருகிறார். ஐ.டி. கார்டை வைத்தால் கதவு திறக்கவில்லை. ஆள் இல்லை என்று கணினிப் பிரிவு முடக்கி வைத்திருக்கிறது. உள்ளே ரேக்குகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. சரக்குப் பதிவு செய்யும் மென்பொருள் புதிது. அவருடைய ஓட்டுநர் சான்றிதழைப் புதுப்பிக்கும் தேதியும் தாண்டிவிட்டது. இதையெல்லாம் காட்டி ‘உனக்கு இப்போது வேலை தெரியவில்லை’ என்று அனுப்பிவிட முடியாது. தேவையான பயிற்சி கொடுத்து அவரைத் தயார்ப்படுத்த நியாயமான முயற்சி எடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. காயத்தோடு வந்திருந்தால் அவரால் செய்ய முடிகிற விதமாக வேலையை மாற்றித் தர வேண்டும்; அதுவும் முடியாவிட்டால் அதே நிலையில் அவருக்கு ஒத்துவரும் வேறு வேலை.

அந்த எட்டு மாதம் அவருடைய வண்டியை ஓட்டியவர் ஒருவர் இருக்கிறாரே, அவர்? அமெரிக்கச் சட்டத்தின்படி, இப்போது அந்த இடத்தில் வேறொருவர் இருக்கிறார் என்பது மறுப்பதற்கான காரணம் ஆகாது; தேவைப்பட்டால் அவரை நகர்த்தியாவது இடம் கொடுக்க வேண்டும். ‘இது எட்டு மாதத்துக்குத்தான், இன்னார் வந்ததும் நீங்கள் பழைய இடத்துக்குப் போக வேண்டியிருக்கும்’ என்று அவரிடம் முதல் நாளே சொல்லி, எழுத்திலும் கொடுத்திருந்தால், அன்று காலையில் கிடங்கில் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டிருந்தால், ஒரே வண்டிச் சாவிக்கு இரண்டு பேர் சூப்பர்வைசர் முன்னால் வந்து நிற்பார்கள்.